மறுபதிப்பும் ஒரு தொகுப்புதான்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து ‘ஃபேன்டஸி புக்’ என்றொரு சிறிய இதழ் வந்துகொண்டிருந்தது. கடைகளில் சரியாகக் கிடைக்காது. வாங்கிப் படித்தவர்களும் குறைவு. 1950-இல் வந்த அதன் 6-ஆவது இதழில், கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற அறிமுகமில்லாத பெயரில் ‘ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெய்ன்’ என்ற கதை வெளியானது. விண்வெளிப் பயணத்தின் வலியைத் தாங்குவதற்காக, மூளைக்கும் உடம்புக்கும் இடையிலான உணர்வுகளை வெட்டிவிட்டு வாழும் மனிதர்களைப் பற்றிய கதை. 1945-லேயே எழுதி முடிக்கப்பட்டது. பெயர்பெற்ற இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் இந்தச் சின்ன இதழுக்கு வந்து சேர்ந்தது. அதே இதழில் ஃபிரெடெரிக் போல், ஐசக் அசிமோவுடன் சேர்ந்து எழுதிய ஒரு கதையும் இருந்தது. தன் கதை வந்த இதழைப் புரட்டிய போல், ஸ்மித்தின் கதையைப் படித்து அசந்துபோனார். 1952-இல் தான் தொகுத்த ‘பியாண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ என்ற மலிவு விலைத் தொகுப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். பரவலான வாசகர்கள் அந்தக் கதையைக் கண்டது அப்போதுதான். கார்ட்வெய்னர் ஸ்மித் என்பது புனைபெயர் என்பதும், எழுதியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரும் உளவியல் போர்முறை நிபுணருமான பால் லைன்பார்கர் என்பதும் பின்னால் தெரியவந்தன. இன்று அந்தக் கதை இல்லாமல் அமெரிக்க அறிவியல் புனைகதையின் வரலாற்றை எழுத முடியாது.

இதழில் பிறந்து, தொகுப்பில் பிழைத்து, மறுபதிப்புகளில் நிலைத்த கதை அது. அந்தத் துறையின் சிறுகதைகள் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான் பாதை. அவை வளர்ந்ததெல்லாம் ‘பல்ப்’ இதழ்களில். மலிவான மரக்கூழ்த் தாள் சில வருடங்களிலேயே பழுப்பேறி, ஓரம் பொடிந்து உதிரும். அடுத்த மாத இதழ் வந்துவிட்டால் போன மாதத்து இதழ் கடையில் இருக்காது. ஆகவே எந்தக் கதை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் என்பது எழுதியவர் கையிலும் இல்லை, முதலில் வெளியிட்ட இதழாசிரியர் கையிலும் இல்லை. தொகுத்தவர் கையில் இருந்தது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தொகுப்பு மறுபடி அச்சுக்குப் போகும்போது கதைகள் குறைந்தன, சில நேரம் கூடின, ஒரே நூல் மூன்றாகப் பிரிந்தது, பெயர் மாறியது. இவற்றையெல்லாம் செய்தவர் யார் என்று பல நூல்களில் குறிப்புகூட இருக்காது. தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என்று தொகைநூல்களுக்குப் பெயர் சொல்லி வைத்த மரபிலிருந்து வருகிற நமக்கு இந்த மௌனம் உறுத்த வேண்டும். மறுபதிப்பு என்பது பழைய நூலின் நகல் அல்ல, அதன்மேல் நடத்தப்படும் இன்னொரு தொகுப்பு வேலை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

தொடக்கம் 1943. டொனால்ட் வோல்ஹைம் தொகுத்து, பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் போட்ட ‘தி பாக்கெட் புக் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’. ‘சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்ற சொல்லை அட்டையிலேயே தாங்கி வந்த முதல் தொகுப்பு என்று அதைச் சொல்வார்கள். பத்தே கதைகள். எச்.ஜி. வெல்ஸும் ஆம்ப்ரோஸ் பியர்ஸும் ஒரு பக்கம், இதழ் எழுத்தாளர்கள் இன்னொரு பக்கம். புகழ்பெற்ற இலக்கியவாதிகளோடு பல்ப் எழுத்தாளர்களைச் சரிசமமாக உட்கார வைத்ததுதான் வோல்ஹைமின் துணிச்சல். ஸ்டான்லி வெய்ன்பாமின் ‘எ மார்ஷியன் ஒடிசி’ அந்தப் பத்தில் ஒன்று. அவருடைய அந்த முதல் அறிவியல் கதை 1934-இல் வெளியானது. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். அந்தப் பத்தில் மூன்று கதைகள் 27 வருடங்கள் கழித்து ‘சயின்ஸ் ஃபிக்ஷன் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற பெருந்தொகுப்பிலும் இடம்பெற்றன. ஒரு மலிவுப் பதிப்பின் தேர்வு இவ்வளவு தூரம் செல்லும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

1946 தொகுப்புகளின் ஆண்டு. ஹிரோஷிமாவுக்கு மறு ஆண்டு. அதுவரை ‘பொழுதுபோகாதவர்கள் படிப்பது’ என்று ஒதுக்கிவைக்கப்பட்ட கதைகளில் அணுகுண்டு ஏற்கெனவே வெடித்திருந்தது என்பது திடீரென்று எல்லோருக்கும் உறைத்தது. கிராஃப் காங்க்ளின் தொகுத்த ‘தி பெஸ்ட் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’ 40 கதைகளோடு வந்தது. அதன் முதல் பகுதியே அணுவைப் பற்றியது. 1944-இல் வெளியானபோது ராணுவ உளவுத்துறையின் விசாரணையைக் கிளப்பிய கிளீவ் கார்ட்மில்லின் ‘டெட்லைன்’ அந்தப் பகுதியில் இருந்தது. அதே ஆண்டு ரேண்டம் ஹவுஸ் வெளியிட்ட ‘அட்வென்ச்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்’ கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். ரேமண்ட் ஹீலியும் ஃபிரான்சிஸ் மெக்கோமஸும் தொகுத்தது. 33 கதைகள், இரண்டு கட்டுரைகள். பெரும்பாலானவை ஜான் கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங்’ இதழிலிருந்து எடுத்தவை. அந்த இதழின் நல்ல கதைகளுக்கு இவர்கள் முந்திக்கொண்டு அனுமதி வாங்கிவிட்டதால், காங்க்ளினுக்குக் கிடைக்காமல் போனவை பல. அன்றைக்கே உரிமைதான் தேர்வைத் தீர்மானித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நைட்ஃபால்’, ‘ஹூ கோஸ் தேர்?’, ‘ஃபேர்வெல் டு தி மாஸ்டர்’ எல்லாம் ஹீலி–மெக்கோமஸ் தொகுப்பில் போய்ச் சேர்ந்தன. கடைசி இரண்டும் 1951-இல் திரைப்படங்களாயின.

கெட்டி அட்டை போட்ட இந்தப் பெரிய நூல்கள் நூலகங்களுக்குப் போயின. சாதாரண வாசகன் கைக்கு வந்தவை பேப்பர்பேக்குகள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். சட்டைப்பைக்குள் அடங்கும் புத்தகத்துக்கு ஆயிரம் பக்கம் ஒத்துவராது. பசையால் ஒட்டிய முதுகு தாங்காது, விலையும் கட்டுப்படியாகாது. ஆகவே ‘அட்வென்ச்சர்ஸ்’ 1954-இல் எட்டுக் கதைகளோடு ஒரு பேப்பர்பேக்காகவும், மறு ஆண்டு ‘மோர்’ என்ற சொல்லை முன்னால் போட்டு ஏழு கதைகளோடு இன்னொன்றாகவும் வந்தது. இரண்டையும் சேர்த்தாலும் மூல நூலில் பாதி இல்லை. காங்க்ளினின் அடுத்த தொகுப்பான ‘எ டிரெஷரி ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’ (1948) 30 கதைகள் கொண்டது. 1957-இல் பெர்க்லி பேப்பர்பேக்கில் வந்தபோது மிஞ்சியது எட்டு. பெயர் அதே பெயர்தான். பழைய புத்தகக் கடையில் அந்த மெல்லிய நூலை வாங்கிப் படித்துவிட்டு, காங்க்ளினைப் படித்துவிட்டேன் என்று நம்பிய வாசகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! தொகுப்பில் கதைகளுக்கு வரிசை உண்டு. ஒன்றுக்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று வைக்கப்பட்டிருக்கும். முப்பதில் எட்டைப் பொறுக்கும்போது அந்தப் பேச்சுவார்த்தை அறுந்துபோகிறது. கதைகளுக்கு இடையே கட்டுரையும் வைத்த ஹீலி, மெக்கோமஸ் போன்றவர்கள் என்ன நினைத்து அப்படி வைத்தார்கள் என்பதை அவர்களுடைய பேப்பர்பேக்கில் மிஞ்சிய எட்டிலிருந்து ஊகிக்க முடியாது.

பெயர் மாற்றம் இன்னொரு தொல்லை. 1946-இல் காங்க்ளின் போட்ட ‘தி பெஸ்ட் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’, 1980-இல் ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்ற பெயரில் மறுபடி வந்தது. அவருடைய ‘தி பிக் புக் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்’ (1950) பின்னால் ‘தி கிளாசிக் புக்’ ஆனது. காலியான அந்தப் பழைய பெயரை 2016-இல் ஆன், ஜெஃப் வாண்டர்மியர் இணையர் தங்கள் நூலுக்கு வைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நூல்கள், இரண்டு பெயரில் ஒரே நூல் என்று நிலைமை. கார்ட்னர் டோசுவா 1984 முதல் 2018 வரை 35 தொகுதிகள் கொண்டுவந்த ஆண்டுத் தொகுப்புக்கு அமெரிக்காவில் ஒரு பெயரும் வரிசை எண்ணும். பிரிட்டனில் வேறு பெயர், வேறு எண். நூலகத்தில் அட்டவணை போடுகிறவர்களின் பாடு சொல்லி மாளாது.

பிரித்துப் போடுவதிலும் நட்டம் இருக்கிறது. அசிமோவ் 1974-இல் ‘பிஃபோர் தி கோல்டன் ஏஜ்’ என்று ஒரு தொகுப்பு செய்தார். 1930-களில் சிறுவனாக, அப்பாவின் மிட்டாய்க் கடையில் வந்து இறங்கிய இதழ்களில் தான் படித்து மயங்கிய கதைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் அந்த வருடத்துத் தன் வாழ்க்கையை எழுதிச் சேர்த்தார். படிக்கப் படிக்கத் தொகுப்பும் சுயசரிதையும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். அமெரிக்கப் பேப்பர்பேக்கில் அது மூன்று தனித்தனிப் புத்தகங்களாக வந்தது. நடுப் புத்தகம் மட்டும் கையில் கிடைத்தவருக்கு, பாதியில் வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோகும் ஒரு பையனின் கதைதான் கிடைக்கும்.

வெட்டுவது, பிரிப்பது எல்லாம் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பிரயன் ஆல்டிஸ் பெங்குவினுக்குச் செய்த தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். 1961-இல் ‘பெங்குவின் சயின்ஸ் ஃபிக்ஷன்’, 1963-லும் 1964-லும் அதன் தொடர்ச்சிகள். மூன்றும் 1973-இல் ஒரே பெருநூலாகச் சேர்ந்தன. சிறு நூல்கள் பெருநூலாகும் இந்த எதிர்த்திசைப் பயணமே அபூர்வம். 34 வருடங்கள் கழித்து, 2007-இல் பெங்குவின் அதை ‘மாடர்ன் கிளாசிக்ஸ்’ வரிசையில் மறுபடி கொண்டுவர விரும்பியபோது, ஆல்டிஸ் உயிரோடு இருந்தார். பழையதை அப்படியே கொடுக்காமல் சிலவற்றை எடுத்துவிட்டு, டெட் சியாங்கின் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ போன்ற பிற்காலக் கதைகளைச் சேர்த்தார். ஒரே ஆசிரியர் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பருவத்தில் செய்த தேர்வையும் எண்பதைத் தாண்டியபின் செய்த தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு அரிது. தொகுத்தவரே திருத்துகிறார், திருத்தியதைப் பெயர் போட்டுச் செய்கிறார் என்பதால் இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 2007 பதிப்பு கைக்கு வந்ததும் 1973 பதிப்பை எடைக்குப் போடக்கூடாது. 1960-களின் பிரிட்டிஷ் வாசகன் எதைப் படித்து வளர்ந்தான் என்று தெரிய வேண்டுமானால் பழையதுதான் சாட்சி.

இனி ‘ஹால் ஆஃப் ஃபேம்’. மறுபதிப்புகளால் ஒரு தொகுப்பு எப்படிப் பாடத்திட்டமாகவே மாறிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 1965-ஆம் ஆண்டு படைப்புகளிலிருந்து ‘நெபுலா’ விருது கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் வந்த கதைகளுக்கு விருது இல்லையே என்ற குறையைத் தீர்க்க, 1964 வரையிலான சிறுகதைகளுக்கு உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். முதலிடம் ‘நைட்ஃபால்’, அடுத்தது வெய்ன்பாமின் கதை, மூன்றாவது டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’. ராபர்ட் சில்வர்பெர்க் 26 கதைகளாகத் தொகுத்தார். 1970-இல் டபுள்டே வெளியிட்டது. இன்றுவரை அச்சில் வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்’, கார்ட்வெய்னர் ஸ்மித்தின் ‘ஸ்கேனர்ஸ்’ இரண்டும் உலகெங்கும் பரவியதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அதை மதிக்கிறேன். எழுத்தாளர்களே தங்கள் முன்னோர்களைத் தேர்ந்தெடுத்தது உயர்ந்த காரியம். ஆனால் 26 கதைகளில் ஒரு பெண் தனியாக எழுதியது ஜூடித் மெரிலின் ‘தட் ஒன்லி எ மதர்’ மட்டும். சி.எல். மூர் இன்னொரு கதையில் இருக்கிறார்; கணவரோடு சேர்ந்து எழுதிய புனைபெயருக்குள் மறைந்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதப்படாத கதை ஒன்றுகூட இல்லை. 1970-இல் அது அந்தக் காலத்தின் வாக்கெடுப்பு, அவ்வளவுதான். மாற்றமில்லாமல் திரும்பத் திரும்ப அச்சான பிறகு அதுவே காலத்தின் தீர்ப்பாகிவிட்டது. மறுபதிப்பில் ஒன்றையும் தொடாமல் விடுவதுகூட ஒரு தேர்வுதான்.

பழைய கதைகளைத் திரட்டாமல், புதிதாக எழுதி வாங்கிப் போடும் தொகுப்புகள் வேறு வகை. போல் தொகுத்து பேலன்டைன் 1953-இல் தொடங்கிய ‘ஸ்டார் சயின்ஸ் ஃபிக்ஷன் ஸ்டோரீஸ்’ வரிசை இதற்கு வழி திறந்தது. கிளார்க்கின் அந்தக் கதை முதலில் வந்ததே அதன் முதல் தொகுதியில்தான். டேமன் நைட்டின் ‘ஆர்பிட்’ 1966 முதல் 1980 வரை 21 தொகுதிகள் வந்தது. ஆனால் சத்தம் போட்டுக் கதவை உடைத்தது ஹார்லன் எலிசனின் ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ (1967). இதழ்கள் அச்சிட அஞ்சும் கதைகளைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிய 33 கதைகள். 1972-இல் ‘அகெய்ன், டேஞ்சரஸ் விஷன்ஸ்’. அர்சுலா லெ குவினின் ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’, ஜோன்னா ரஸ்ஸின் ‘வென் இட் சேஞ்ச்ட்’ இரண்டும் அதில் பிறந்தவை. மூன்றாவதான ‘தி லாஸ்ட் டேஞ்சரஸ் விஷன்ஸ்’ விரைவில் வரும் என்று எலிசன் அறிவித்தார். வாங்கிய கதைகள் நூறைத் தாண்டின. நூல் வரவில்லை. 1987-இல் கிறிஸ்டோஃபர் பிரீஸ்ட் இதைக் கண்டித்துச் சிறு நூலே எழுதினார். எலிசன் 2018-இல் இறக்கும்வரை அது வரவில்லை.

இந்தத் தாமதத்தின் விலையை ஒரே கதையில் காட்டலாம். ஆக்டேவியா பட்லர் 1970-இல் எழுத்தாளர் பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டபோது, அவருடைய ‘சைல்ட்ஃபைண்டர்’ கதையை எலிசன் இந்த மூன்றாவது தொகுப்புக்காக வாங்கினார். கறுப்பினப் பெண்ணாக, அந்தத் துறையில் முன்மாதிரி யாரும் இல்லாமல் எழுத வந்த இளைஞரின் முதல் விற்பனைகளில் ஒன்று. அந்தக் கதை வெளிவந்தது 2014-இல், அதுவும் வேறொரு மின்னூலில். பட்லர் 2006-லேயே இறந்துவிட்டார். எலிசனின் முதல் இரண்டு தொகுப்புகளைக் கொண்டாடுகிறவன் நான். இருந்தும் இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. தொகுப்பாசிரியர் வாங்கி வைத்திருக்கும் கதை, எழுத்தாளரின் வாழ்நாளில் ஒரு துண்டு. கடைசியில், எலிசனின் படைப்புகளைப் பராமரிக்கும் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியின் முயற்சியில் 2024-இல் மூன்றாவது நூல் வந்தது; முதல் இரண்டும் அதே ஆண்டு மறுபதிப்பாயின. ஆனால் 1970-களில் வாங்கிய கதைகளில் பலவற்றை எழுத்தாளர்களோ வாரிசுகளோ ஏற்கெனவே திரும்பப் பெற்றிருந்தார்கள். புதியவர்களின் கதைகளும் சேர்க்கப்பட்டன. எலிசன் மனத்தில் இருந்த நூல் அதுவல்ல. அது இனி எப்போதும் வராது.

மிகுபுனைவுக்கு வருகிறேன். அங்கே நிலைமை கொஞ்சம் நல்லபடியாக இருந்தது, காரணம் எளிது: பழைய இலக்கியத்தோடு அதற்கு உறவு விட்டுப்போகவில்லை. 1944-இல் ரேண்டம் ஹவுஸ் குழுமத்திலிருந்து வந்த ‘கிரேட் டேல்ஸ் ஆஃப் டெரர் அண்ட் தி சூப்பர்நேச்சுரல்’ பல பத்தாண்டுகள் அச்சில் இருந்தது. பல்ப் இதழ்களோடு ஒழிந்துபோயிருக்கக்கூடிய லவ்கிராஃப்டின் இரண்டு கதைகளை நூலக அலமாரிக்குக் கொண்டுபோனது. லின் கார்ட்டர் 1969 முதல் 1974 வரை பேலன்டைனுக்காக நடத்திய மிகுபுனைவு வரிசை பழைய நாவல்களையும் தொகுப்புகளையும் கலந்து கொடுத்தது. ஆனால் நான் வியக்கும் நூல் அமெரிக்காவில் இல்லை, புவெனஸ் அயர்ஸில் இருக்கிறது. போர்ஹெஸ், பியோய் கசாரெஸ், சில்வினா ஒகாம்போ மூவரும் சேர்ந்து 1940-இல் தொகுத்த மிகுபுனைவுத் தொகை. போர்ஹெஸின் ‘த்லோன், உக்பார், ஓர்பிஸ் தெர்தியுஸ்’ அதில் இருக்கிறது. அந்தக் கதையின் பின்குறிப்பு 1947 என்று தேதியிட்டது; மேலே உள்ள கட்டுரையை முன்பு வந்தபடியே மறுபடி தருவதாகச் சொல்கிறது. 1947-இன் மறுபதிப்பை 1940-லேயே கற்பனை செய்து வைத்துவிட்டார்! அந்தத் தொகையின் உண்மையான மறுபதிப்பு 1965-இல் விரிவாக வந்தது. லெ குவினின் முன்னுரையோடு ஆங்கில வடிவம் 1988-இல் வந்தது.

ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் தேடிய தொகுப்புகள்தான் இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமானவை. பமேலா சார்ஜென்ட் 1975-இல் ‘விமன் ஆஃப் வொண்டர்’ தொகுத்தார். 1976, 1978-இல் மேலும் இரண்டு. இருபது வருடங்களில் அவை அச்சில் இல்லாமல் போயின. 1995-இல் வாய்ப்பு வந்தபோது சார்ஜென்ட் பழைய மூன்றையும் அப்படியே அச்சிடக் கொடுக்கவில்லை. மறுபடி படித்து, மறுபடி தேர்ந்து, பழைய காலம் ஒன்று, சமகாலம் ஒன்று என இரண்டு தொகுதிகளாக மாற்றிக் கட்டினார். 2000-இல் ஷெரீ ஆர். தாமஸ் ‘டார்க் மேட்டர்’ தொகுத்தபோது, சமூகவியல் அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1920-இல் எழுதிய ‘தி காமெட்’ கதையை அதில் வைத்தார். நியூயார்க்கில் ஒரு கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் மட்டும் பிழைத்திருக்கும் பேரழிவுக் கதை. எட்டுப் பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சான கதைதான். அறிவியல் புனைகதை என்று அதைப் படிக்கும் கண் அதுவரை பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. ஒரு கதையை வேறு கதைகளுக்குப் பக்கத்தில் வைத்தாலே அதன் முகம் மாறிவிடுகிறது.

வாண்டர்மியர் இணையரின் 2016 பெருநூலில் இருக்கும் ஒரு கதை சென்னைக்குச் சொந்தமானது. பேகம் ருக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்தும் மேகத்திலிருந்து நீரை இறக்கியும் நாட்டை ஆளும் கதை. வங்கத்து முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கதை 1905-இல் முதலில் வெளியானது கமலா சத்தியநாதன் மதராசிலிருந்து நடத்திய ‘தி இண்டியன் லேடீஸ் மேகசின்’ இதழில். அமெரிக்காவின் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பிறக்க இன்னும் 21 வருடங்கள் இருந்தன. 1908-இல் தனி நூலானது. பிறகு நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் 1988-இல் போட்டது. சென்னையின் தாரா பதிப்பகம் 2005-இல் கோண்டு ஓவியர் துர்காபாயின் படங்களோடு அழகான பதிப்பாகக் கொண்டுவந்தது. ஆனால் வெல்ஸும் அசிமோவும் இருக்கும் அதே அட்டைக்குள் அது போய் உட்கார 111 வருடங்கள் ஆயின. ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வாக்காளர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்? தெரியாததற்கு அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதுவரை வந்த தொகுப்புகள் அவர்களுக்கு அதைக் காட்டவில்லை.

தொகுப்புகள் ஏன் இப்படி வெட்டுப்பட்டும் மறைந்தும் போகின்றன என்றால், பெரும்பாலும் ரசனையால் அல்ல, உரிமையால். ஒரு நாவலை மறுபடி அச்சிட ஒருவரிடம் அனுமதி கேட்டால் போதும். 40 கதைத் தொகுப்புக்கு நாற்பது பேரிடம் கேட்க வேண்டும். இறந்தவர் என்றால் வாரிசு, வாரிசு யாரென்று தெரியாவிட்டால் முகவர். பழைய ஒப்பந்தங்கள் பலவும் குறிப்பிட்ட பதிப்புக்கு, குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும் எழுதப்பட்டவை. மின்னூல் என்ற சொல்லே இல்லாத காலத்து ஒப்பந்தத்தை வைத்து மின்னூல் போட முடியாது. ராயல்டியோ தொகுப்பாசிரியருக்கும் எழுத்தாளர்களுக்கும் இடையே பங்காகி, ஆளுக்குச் சில்லறையாகத்தான் வரும். அதற்காக மெனக்கெட யாரும் முன்வருவதில்லை. அசிமோவும் மார்ட்டின் கிரீன்பெர்க்கும் 1939 முதல் 1963 வரை வெளியான கதைகளை ஆண்டுக்கு ஒரு தொகுதியாக 25 தொகுதிகளில் கொண்டுவந்தார்கள். தொடக்கத் தொகுதிகள் சிலவற்றில் ராபர்ட் ஹைன்லைனின் கதைத் தலைப்பு இருக்கும், அது ஏன் முக்கியம் என்று தொகுப்பாசிரியர்கள் எழுதிய குறிப்பு இருக்கும், கதை மட்டும் இருக்காது. அனுமதி கிடைக்கவில்லை. மறைக்காமல், இந்த இடத்தில் இந்தக் கதை இருந்திருக்க வேண்டும் என்று சொன்ன அந்த நேர்மையை எல்லா மறுபதிப்புக்காரர்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன்.

உரிமை காலாவதியான கதைகளுக்கு எதிர்மாறான சிக்கல். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு 28-ஆவது வருடத்தில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காமல் விட்ட இதழ்க் கதைகள் ஏராளம். குட்டன்பெர்க் திட்டத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அள்ளிக் கட்டி விற்கும் மலிவு மின்தொகுப்புகள் பலவற்றில் கதை எந்த இதழில், எந்த வருடம் வந்தது என்ற ஒரு வரி கூட இல்லை. கதைகள் கிடைப்பது நல்லதே. ஆனால் இலவசமாகக் கிடைப்பவை மட்டுமே திரும்பத் திரும்பத் தொகுக்கப்பட்டால், புதுப்பிக்க மறந்த எழுத்தாளர்களை வைத்தே அந்தக் காலத்தை அடுத்த தலைமுறை எடைபோடும். இதற்கு நேர்மாறாக பிரிட்டிஷ் நூலகம் 2018 முதல் மைக் ஆஷ்லியை வைத்து வெளியிடும் தொகுப்புகளில் ஒவ்வொரு கதைக்கும் முன் அதன் பிறப்பும் ஆசிரியரின் வாழ்க்கையும் இருக்கின்றன. நல்ல மறுபதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் தொடக்கத்திலேயே நிற்கிறது. பால் ஃபோண்ட்கே பல இந்திய மொழிகளிலிருந்து 19 கதைகளைத் திரட்டி, ‘இட் ஹேப்பண்ட் டுமாரோ’ என்று ஆங்கிலத்தில் தொகுத்ததை நேஷனல் புக் டிரஸ்ட் 1993-இல் வெளியிட்டது. தமிழிலிருந்து சுஜாதா அதில் இருக்கிறார். சுஜாதாவின் அறிவியல் கதைகள் அவர் பெயரில் தனியாகத் தொகுக்கப்பட்டு நமக்குக் கிடைக்கின்றன, அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. வார இதழ்களிலும் தீபாவளி மலர்களிலும் மற்றவர்கள் எழுதிய அறிவியல் கதைகளை ஆண்டு, இதழ் விவரத்தோடு திரட்டும் பெரிய தொகுப்பு வேலைக்கு, பல்ப் தாளைவிடக் கொஞ்சமும் ஆயுள் கூடாத நம் பழைய இதழ்க் கட்டுகளே ஆதாரம். அவை பொடிவதற்குள் செய்தால்தான் உண்டு.

மறுபதிப்பாக வர வேண்டியவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், ஜூடித் மெரில் 1956 முதல் 1968 வரை தொகுத்த 12 ஆண்டுத் தொகுப்புகளைச் சொல்வேன். முதல் தொகுதிக்கு முன்னுரை எழுதியவர் ஆர்சன் வெல்ஸ். அறிவியல் புனைகதை இதழ்களுக்கு வெளியே பொது இதழ்களிலிருந்து கதைகளும், போகப்போகக் கவிதைகளும், கேலிச்சித்திரங்களும் மெரில் எடுத்தார். இந்த எழுத்துக்கு வேலி கிடையாது என்பது அவர் கட்சி. வருடா வருடம் அவர் எழுதிய குறிப்புகளை வரிசையாகப் படித்தால், ஒரு துறை வளர்வதும் ஒரு வாசகி மாறுவதும் ஒருசேரத் தெரியும். ‘தட் ஒன்லி எ மதர்’ என்ற ஒரு கதைக்காகவே இன்று அவரைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். பின்னாளில் டொரன்டோவில் குடியேறி, 1970-இல் தன் நூல்களை அந்நகர நூலகத்துக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த சேகரம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. இந்த 12 தொகுதிகளுக்கும் உரிமை வாங்குவது பெரும் பாடாக இருக்கும்: கதாசிரியர்கள், கவிஞர்கள், ஓவியர்கள், அவர்களின் வாரிசுகள். அனுமதி கிடைக்காத இடங்களில், அசிமோவும் கிரீன்பெர்க்கும் செய்ததுபோல, மெரிலின் குறிப்பை மட்டுமாவது அந்தந்தப் பக்கத்தில் விட்டுவைக்கட்டும்.